மிஞ்சிய சர்க்கரை

கரும்பைப் பிழிந்து, சாற்றைக் காய்ச்சி, பளிங்காக விளைந்த சீனியைப் பிரித்தெடுத்த பின்னர் ஆலையிலே ஒரு கரிய பாகு எஞ்சுகின்றது. எத்துணை முறை காய்ச்சினும் அதிலிருந்து மேலும் சீனி விளைவதில்லை. நூறு தொன் கரும்பிலிருந்து ஏறத்தாழ எட்டு முதல் பத்துத் தொன் வரை சீனி கிடைக்குமாயின், மூன்று அல்லது நான்கு தொன் கழிவுப் பாகும் உடன் கிடைக்கும். அப்பாகின் எடையிற் பாதியளவு இன்னமும் சர்க்கரையே. எனினும் அது வெண்ணிறப் பளிங்காக வெளிவர மறுக்கும் சர்க்கரை. இந்த மிச்சத்தை என்ன செய்வது? கரும்பாலை தோன்றிய தேசமெங்கணும் இவ்வினாவும் உடன் தோன்றியது. மதுவை விலக்கி வாழும் முஸ்லிம் ஊர்கள் கடலோரத்தில் தொடர்ந்து கிடக்க, அவற்றுக்கு மேற்கே கரும்பு வயல்களும் ஆலையும் அமைந்த அம்பாறை மாவட்டத்தில் இவ்வினாவின் வரலாறு தனிச் சுவையுடையது.

முதலிற் சொற்களை நோக்கலாம். கல்முனைச் சந்தையிலே வெள்ளைச் சீனியைச் சர்க்கரை என்று கேட்பாரில்லை. சர்க்கரை என்றால் அங்கே தென்னையிலிருந்தோ கித்துளிலிருந்தோ காய்ச்சிய கரிய கட்டிதான். சீனி என்பது கப்பலேறி வந்த பொருள். சீன நாட்டின் பெயரையே தாங்கி வந்தது. ஆனால் சர்க்கரை என்ற வடசொல்லே பாரசீகத்தில் ஷக்கர் ஆகி, அரபியில் சுக்கர் ஆகி, ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து உலகம் முழுவதும் சுற்றியது. கரும்புப் பயிரை எகிப்துக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டு சென்றவர்கள் அரபு மக்களே. அவர்களின் மொழி வேறு சில சொற்களையும் தந்தது. வெயிற்காலத்தில் கல்முனைக் கடைத்தெருவிற் பருகும் சர்பத்தும், வட இந்தியாவில் மதுவைக் குறிக்கும் ஷராப் என்ற சொல்லும், குடித்தல் என்று பொருள்படும் ஒரே அரபு வேரிற் பிறந்தவை. சாராயத்தைக் குறிக்கும் அரக்கு என்ற சொல்லோ வியர்வை எனப் பொருள்படும் அரக் என்பதன் திரிபு. வாலையின் குளிர்ந்த பகுதியில் ஆவி துளித்துளியாய் வடிவதைக் கண்டு இட்ட பெயர் அது. சர்பத்தும் ஷராப்பும் ஒரு வேரில் நிற்பது சொல்லளவில் மட்டுமன்று. பொருளளவிலும் இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு சில மணி நேரந்தான்.

அத்தொலைவை அளந்து காட்டியவர் லூயி பாஸ்டர். 1856 ஆம் ஆண்டில் பிரான்சின் லீல் நகரிலே பீற்றூட் சாற்றிலிருந்து மதுசாரம் எடுக்கும் ஆலை ஒன்றில் சாறு கெட்டுப் புளித்துப் போயிற்று. ஆலைக்காரர் அந்நகரிலே இரசாயனப் பேராசிரியராக இருந்த பாஸ்டரிடம் முறையிட்டார். கெடாத தொட்டியின் சாற்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது உருண்டையான மதுவக் கலங்கள் தெரிந்தன. கெட்ட தொட்டியிலோ கோல் வடிவான வேறு நுண்ணுயிர்கள் மொய்த்தன. முன்னவை சர்க்கரையை மதுசாரமாக்கின. பின்னவை அதே சர்க்கரையைப் பாற்புளிப்பாக்கின. சர்க்கரை தானாக ஒன்றாகவும் மாறுவதில்லை, அதனை உண்ணும் உயிர் எதுவோ அதற்கேற்ப மாறுகின்றது என்ற உண்மை இவ்வாறு ஒரு வணிகரின் நட்டத்திலிருந்து பிறந்தது. நூறு பங்கு குளுக்கோசு முற்றாக நொதித்தால் ஏறத்தாழ 51 பங்கு மதுசாரமும் 49 பங்கு காபனீரொட்சைட்டு வாயுவும் உண்டாகும். அத்தோடும் மாற்றம் நிற்பதில்லை. காற்றுப்பட விட்டால் வேறொரு நுண்ணுயிர் வந்து அம்மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக்கும். அதுவே வினாகிரி, பழந்தமிழிற் காடி.

பாஸ்டர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே தென்னையும் பனையும் கித்துளும் வளரும் நாடுகளில் இவ்வறிவு கைப்பழக்கமாக நிலவியது. தென்னம்பாளையிலிருந்து வடியும் சாற்றிலே நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு வரை சர்க்கரை உண்டு. முட்டியில் விழுந்த கணத்திலேயே காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பாக இருப்பது மாலைக்குள் கள்ளாகிவிடும். இதனைத் தடுக்க முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினர். சுண்ணாம்பின் காரத்தன்மையில் மதுவம் செழிப்பதில்லை. சாறு பதநீராகவே நிற்கும். கித்துளைச் சீவுவோர் ஹல் மரத்தின் பட்டையை முட்டியிலிட்டு இதே பயனைப் பெற்றனர். தடுக்கப்பட்ட சாற்றைக் காய்ச்சினால் பாணி. மேலும் காய்ச்சினால் சர்க்கரைக் கட்டி. பெருநாளிலே வட்டிலப்பத்துக்கும் தொதலுக்கும் கரைத்து ஊற்றும் சர்க்கரை, கள்ளாகாமல் நிறுத்தப்பட்ட சாறேயன்றி வேறன்று.

நிறுத்துவது ஒரு வழி. கடந்து செல்வது மற்றொரு வழி. கள்ளைக் கள்ளாகவே நிற்கவிடாமல் வாரக்கணக்காகக் காற்றுப்பட வைத்தால் அது தென்னை வினாகிரி ஆகின்றது. மலாய் மக்களிடமிருந்து இந்நாட்டு முஸ்லிம் வீடுகளுக்கு வந்த அச்சாறு, பேரீச்சம்பழமும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் இந்த வினாகிரியில் ஊறியே சுவைபெறுகின்றது. கள் ஊற்றிப் பொங்கவைத்த ஆப்பமாவு இலங்கையில் எங்கும் வழக்கமாயிருந்தபோது, கள்ளைத் தொடாத வீடுகளிற் பழைய மாவையோ புளித்த தேங்காய்த் தண்ணீரையோ கொண்டு மாவைப் பொங்கவைத்தனர். பாலில் உள்ள சர்க்கரைக்கும் இதே கதைதான். மட்டக்களப்புத் தேசத்தின் எருமைத்தயிர் நாடெங்கும் பேர்பெற்றது. மண் சட்டியிலே உறைந்து கிடக்கும் அத்தயிரை ஆக்கியது, லீல் நகர ஆலைக்காரரின் சாற்றைக் கெடுத்த அந்தப் பாற்புளிப்பு நுண்ணுயிரின் இனமே. அங்கே கேடு, இங்கே உணவு.

மதுவை விலக்கிய சமூகத்துக்கு நொதித்தலின் எல்லைகளை நுணுக்கமாக அறிய வேண்டிய தேவை மிகுதி. இஸ்லாமிய வரலாற்றின் முதல் தலைமுறையிலேயே இத்தேவை எழுந்தது. அரேபியாவிற் பேரீச்சம்பழத்தையோ உலர்ந்த திராட்சையையோ நீரில் ஊறவைத்து, நபீத் என்ற இன்சுவைப் பானம் செய்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கென இரவில் ஊறவைத்த நபீத் மறுநாளும் அதற்கடுத்த நாளும் பருகப்பட்டதென்றும், மூன்றாம் நாளின் முடிவுக்குப் பின் எஞ்சியது பருகப்படாமல் விடப்பட்டதென்றும் ஹதீஸ் நூல்கள் கூறும். சுரைக்குடுவை, குடைந்த பேரீச்ச மரம், பச்சை மெருகிட்ட சாடி, கீல் பூசிய கலம் ஆகியவற்றில் ஊறவைப்பது முதலில் தடுக்கப்பட்டது. காற்றோட்டமற்ற இக்கலங்களிற் பானம் விரைந்து மதுவாகியும் வெளியே தெரியாமலிருக்கும் என்று உரையாசிரியர் விளக்கினர். பின்னர் கலத்தின் தடை நீங்கி, மயக்கந் தருவதன் தடை மட்டும் நின்றது. அபூமூசா அல்-அஷ்அரி அவர்கள் யெமன் நாட்டுக்கு அனுப்பப்பட்டபோது, அங்கு தேனிலிருந்து செய்யப்படும் பித்உ பற்றியும் பார்லியிலிருந்து செய்யப்படும் மிஸ்ர் பற்றியும் வினவினார். பின்னது பியரின் மூதாதை எனலாம். பெயரும் மூலப்பொருளும் எதுவாயினும் மயக்கந் தருவது அனைத்தும் விலக்கே என்ற பொருள்பட விடை அமைந்தது.

பிற்காலச் சட்ட அறிஞர் இந்த இடத்திற் பெரிதும் வாதிட்டனர். திராட்சை மதுவுக்கும் பிற பானங்களுக்கும் இடையே இமாம் அபூஹனீபா வேறுபாடு கண்டார். இமாம் ஷாபிஈ காணவில்லை. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ வழியினர். அவ்வழியில் வினாகிரியைப் பற்றியும் ஒரு நுட்பமான விதி உண்டு. மது தானாகவே புளித்து வினாகிரி ஆயின் அது தூயது. ஏதேனும் ஒன்றைப் போட்டு வினாகிரி ஆக்கினால் அவ்வாறு கொள்ளப்படுவதில்லை. அடுக்களையில் ஒரு வினாகிரிப் போத்தலை வைப்பதற்கும் வரலாறு உண்டென்பதை இது காட்டும். இரசாயன நூல் எதுவும் கையில் இல்லாத காலத்தில், காலமும் கலமுமே சர்க்கரையின் விதியை முடிவு செய்கின்றன என்பதை இவ்வாதங்கள் எவ்வளவு தெளிவாகக் கண்டுகொண்டன!

சர்க்கரையை மதுவாக்குவதையே நோக்கமாகக் கொண்ட நாடுகளிலும் மிச்சத்தின் தொல்லை தீரவில்லை. இங்கிலாந்தில் வீடுதோறும் பியர் வடிப்பது ஒருகாலத்தில் ரொட்டி சுடுவது போன்ற வீட்டுத்தொழில். 1880 ஆம் ஆண்டில் பிரதமர் கிளாட்ஸ்டன் மோல்ற் எனப்படும் முளைகட்டிய பார்லியின் மீதிருந்த வரியை நீக்கிப் பியரின் மீதே வரி விதித்தார். ஆலைக்காரர் எத்தானியத்தையும் எச்சர்க்கரையையும் பயன்படுத்த வழி திறந்தது. வீட்டில் வடிப்போரோ அனுமதிப்பத்திரம் பெறவேண்டியவராயினர். அக்கட்டுப்பாட்டை 1963 ஆம் ஆண்டு நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் தமது வரவு செலவுத் திட்டத்தில் நீக்கினார். அதன்பின் புதிதாகப் பழகுவோருக்கென ஆயத்தப் பெட்டிகள் கடைகளிற் பெருகின. தகரத்திலடைத்த மோல்ற் பாகு, சிறு பொதியில் மதுவம், ஒரு குறிப்புத்தாள் ஆகியவை அதில் இருக்கும். ஏறத்தாழ 23 லீற்றர் பியருக்கு ஒரு கிலோகிராம் சர்க்கரையை வடிப்பவரே வாங்கிச் சேர்க்க வேண்டும்.

இரண்டு மூன்று பெட்டிகளை வடித்து முடித்தவரின் அலுமாரியிலே அரைப்பொதி குளுக்கோசு, கால்பொதி சீனி, எஞ்சிய மோல்ற் மா என்று மிச்சங்கள் சேர்ந்துவிடும். எல்லாம் சர்க்கரைதானே என்று அடுத்த வடிப்பில் அள்ளிக் கொட்டலாமா என்பது புதியவர் எல்லோரும் கேட்கும் கேள்வி. கொட்டலாம், ஆனால் மதுவத்துக்கு அவை எல்லாம் ஒன்றல்ல. குளுக்கோசை அது உடனே உண்ணும். சீனியாகிய சுக்குரோசை முதலில் இரண்டாக உடைத்துப் பின் உண்ணும். மோல்ற்றோசை அதற்கடுத்து உண்ணும். மோல்ற்றிலுள்ள நீண்ட சங்கிலியான மாப்பொருட் கூறுகளை அதனால் உண்ண இயலாது. அவை அப்படியே நின்று பானத்துக்குத் தடிப்பைத் தரும். ஆகவே மிஞ்சிய சீனியை மிகுதியாக இட்டால் மதுசாரம் கூடும், சுவை மெலிந்து நீர்த்துப்போகும். எஞ்சிய மோல்ற் மாவை இட்டால் சுவை நிறையும். பாற்சர்க்கரையான லக்ரோசைப் பியர் மதுவம் தொடுவதேயில்லை. அது கடைசிவரை இனிப்பாகவே நிற்பதால் பாற்கறுப்புப் பியர் என்றொரு வகையே ஆங்கிலேயரிடம் உண்டானது. மட்டக்களப்புத் தயிர்ச்சட்டியில் நுண்ணுயிருக்கு விருந்தாகும் அதே சர்க்கரை இலண்டன் வடிதொட்டியில் தீண்டுவாரற்றுக் கிடப்பது நினைக்கத்தக்கது. போத்தலில் அடைக்கும்போது வாயுவுக்காகச் சிறிதளவு சர்க்கரை சேர்ப்பதும் வழக்கம். மிச்சம் வீணாகுமே என்று அவ்விடத்தில் அளவை மீறினால் போத்தல் வெடிக்கும். சிக்கனம் எங்கும் நன்மை பயக்கும் என்போர் இதனையும் எண்ணிக்கொள்ளலாம்.

வீட்டு அலுமாரியின் மிச்சம் விளையாட்டு. தோட்டத்தின் மிச்சமோ பேரரசுகளை அசைத்தது. பதினேழாம் நூற்றாண்டில் பார்படோஸ் முதலிய கரிபியன் தீவுகளில், அடிமைகளின் உழைப்பால் விளைந்த கரும்பின் கழிவுப் பாகு கால்நடைக்கும் அடிமைகளுக்கும் உணவாகவும், பெரும்பகுதி வீணாகவும் போயிற்று. அது நொதித்து வடித்தால் ரம் ஆகும் என்பது புலனான பின்னர் கழிவே செல்வமாயிற்று. அந்த ரம் ஆபிரிக்கக் கரையில் மேலும் மனிதரை விலைக்கு வாங்கவும் பயன்பட்டது. அமெரிக்கக் குடியேற்றங்களின் பாகு வாணிகத்தை அடக்கப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1733 இலும் 1764 இலும் சட்டங்கள் இயற்றியது. அச்சட்டங்கள் மூட்டிய வெறுப்பு பின்னெழுந்த விடுதலைப் போருக்குக் காரணங்களுள் ஒன்று.

இலங்கையில் மதுவின் வருவாயை அரசு கைவிட்ட காலமே இல்லை. ஒல்லாந்தர் சாராயக் குத்தகையை ஏலம் விட்டனர். ஆங்கிலேயரும் அதனைத் தொடர்ந்தனர். 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய முறையை மாற்றிக் கள்ளுக்கடைகளைத் திறக்க முற்பட்டபோது நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தது. அதில் முன்னின்றவர்களுள் எவ். ஆர். சேனாநாயக்காவும் அவருடைய தம்பி டீ. எஸ். சேனாநாயக்காவும் அடங்குவர். அனுமதியின்றி மது வடித்தலைக் குற்றமாக்கும் அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. இங்கிலாந்தில் 1963 இல் வீட்டுக்குத் திரும்பிய உரிமை இலங்கை வீடுகளுக்கு வரவில்லை. வந்தது கசிப்பு. சீனியையும் மதுவத்தையும் நீரையும் பீப்பாயில் நொதிக்கவிட்டுக் காட்டோரத்திலும் ஆற்றோரத்திலும் களவாக வடிக்கும் அச்சாராயந்தான் இந்நாட்டின் உண்மையான வீட்டுவடிப்பு. அதற்குக் குறிப்புத்தாளும் இல்லை, அளவும் இல்லை. அதனாற் பார்வையும் உயிரும் இழந்த ஏழைகள் பலர்.

அந்த டீ. எஸ். சேனாநாயக்கா பிரதமராயிருந்த 1949 ஆம் ஆண்டிலே கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. தமிழில் பட்டிப்பளை ஆறு என வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து எழுந்த பெருங்குளம் சேனாநாயக்கா சமுத்திரம் எனப் பெயர்பெற்றது. பள்ளத்தாக்கில் நெல்லோடு கரும்பும் பயிராயிற்று. 1957 இற்குப் பின் நாட்டுக்குச் சீனிக் கூட்டுத்தாபனம் ஒன்று அமைந்து, கந்தளாயிலும் கல்லோயாப் பள்ளத்தாக்கின் ஹிங்குராணையிலும் ஆலைகள் இயங்கின. 1961 இல் மட்டக்களப்பின் தென்பகுதி பிரிந்து அம்பாறை மாவட்டமானபோது ஹிங்குராணையும் கல்முனையும் ஒரே மாவட்டத்துள் அடங்கின. சீனி பிறந்த இடத்திலே பாகும் பிறந்தது. பாகு பிறந்த இடத்திலே வடிசாலையும் வந்தது. 1952 இல் மறைந்த சேனாநாயக்கா இதனைக் காணவில்லை. கள்ளுக்கடைகளை எதிர்த்து இளமையிற் குரல் எழுப்பியவர் பிற்காலத்தில் மறித்த ஆற்றுநீரிலே விளைந்த கரும்பு, மதுவரித் திணைக்களத்தின் ஏடுகளிற் போய் முடிந்தது வரலாற்றின் வினோதங்களுள் ஒன்று.

நட்டமும் நிருவாகக் குறையும் போர்க்காலத் தொல்லையும் சேர்ந்து கந்தளாய் ஆலையை 1990களில் மூடின. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் ஹிங்குராணையும் மூடப்பட்டது. கரும்பை நம்பியிருந்த குடும்பங்கள் நெல்லுக்கும் கூலிக்கும் திரும்பின. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் புதர்மண்டிக் கிடந்த ஹிங்குராணை, அரசும் தனியாரும் சேர்ந்த கம்பனியின் கீழ் 2012 அளவில் மீண்டும் இயங்கியது. இந்நாட்டுச் சீனியாலைகள் சீனியை மட்டும் விற்று நிலைப்பது அரிது என்பது அதற்குள் யாவர்க்கும் புலனாகியிருந்தது. இறக்குமதிச் சீனியின் விலை இறங்கும் ஆண்டுகளில் பாகிலிருந்து வடித்த மதுசாரமே ஆலைகளைத் தாங்கியது. ஒரு தொன் பாகிலிருந்து இருநூறு லீற்றருக்கு மேல் மதுசாரம் கிடைக்கும். அதற்குச் சாராய உற்பத்தியாளர் என்றும் உளர். ஆகவே உள்நாட்டுச் சீனியை உண்பவர், தாம் மது அருந்தாதவராயினும், மதுவின் வருவாயால் நிற்கும் ஆலையின் பொருளையே உண்கின்றார். வினாகிரியைப் பற்றி அத்துணை நுணுகி ஆராய்ந்த சட்ட நூல்கள் இந்த முடிச்சைக் கண்டதில்லை. விலக்கப்பட்ட பண்டமென்றால் தொடாமல் விடலாம். ஒரு பண்டத்தின் மிச்சத்தை யாரோ எங்கோ விலக்கப்பட்டதாக ஆக்கும்போது, முதற்பண்டத்தை உண்பவர் எவ்வளவு தூரம் நிற்கவேண்டும்?

2020 சனவரியிலே எதனோல் எனப்படும் இம்மதுசாரத்தின் இறக்குமதியை அரசு நிறுத்தியது. உள்நாட்டு வடிசாலைகளுக்கு வாழ்வளிக்கவே அந்த ஏற்பாடு. இரண்டு மாதம் கழியுமுன் கொரோனாத் தொற்று வந்தது. கைகளைத் தூய்மைசெய்யும் தொற்றுநீக்கிக்கு எதனோல் தேவைப்பட்டது. கடைவாயிலிலும் வங்கிவாயிலிலும் மருத்துவமனையிலும் அத்தொற்றுநீக்கி வைக்கப்பட்டது. மது அருந்தாத கைகளும் அதனை ஏற்று நீட்டின. தொழுகைக்குச் செல்பவரின் கையில் இது பட்டால் தூய்மை கெடுமா என்ற வினா உலகெங்கும் எழ, நோய் தடுக்கும் தேவை கருதி அறிஞர் பலரும் இடமளித்தனர்.

மதுசாரம் வடித்த பின்னும் ஒரு மிச்சம் உண்டு. ஒரு லீற்றர் மதுசாரத்துக்குப் பத்து முதல் பதினைந்து லீற்றர் வரை கருநிறக் கழிவுநீர் வெளிவரும். பொற்றாசியச் சத்து நிறைந்த அந்நீரை அளவோடு கரும்பு வயலுக்குப் பாய்ச்சினால் நல்ல உரம். ஆற்றில் விட்டால் நீரின் ஒட்சிசனை உறிஞ்சி மீன்களை மாய்க்கும். பட்டிப்பளை ஆறு கல்முனைக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவிலே கடலில் விழுகின்றது. அதற்கு முன் அதன் வாய்க்கால்கள் கரையோர ஊர்களின் நெல்வயல்களுக்குப் பாய்கின்றன.